மெம்பருக்கு ஒரு போத்தல்

கொட்டகலை பஜாருக்கும் தோட்டத்துக்கும் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஜூட்சன் இப்போது நடந்து திரிகிறான். அவனுடைய ஆட்டோ பொலிஸ் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. சீட்டுக்கடியில் சிக்கியது என்னவோ கட்டைவிரல் அளவு கஞ்சாப் பொட்டலம்தான். அதற்கே பதினான்கு நாள் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது லயத்து வீடுகளில் பாதிப் பேர் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே மாதத்தில்தான் பக்கத்து வட்டாரப் பிரதேச சபை மெம்பர் வினோஜன் ‘ஐஸ்’ போதைத்தூள் அடித்து மாட்டினார். “மக்களுக்காக ஓடியோடி மனசு களைச்சுப் போச்சு” என்று டீவியில் அழுதார். புனர்வாழ்வு முடிந்து திரும்பிய அன்று ரயில்வே ஸ்டேஷனில் மேளம் அடித்து, ஆளுயர மாலை போட்டு வரவேற்றார்கள். ஜூட்சனைக் கண்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் அதே பெண்கள்தான் ஆரத்தித் தட்டோடு முன்வரிசையில் நின்றார்கள்.

“பாவம் மனுசன், எப்படி இளைச்சுட்டாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜூட்சனுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? மனைவி ஷிராணி பறிக்கும் தேயிலைக் கொழுந்தில்தான் வீட்டில் அடுப்பே எரிகிறது. ஆட்டோ திரும்பி வராவிட்டால் பிள்ளைகள் இரண்டும் பட்டினிதான். மாதா கோயிலில் எல்லோர் முன்னாலும் “இனித் தொடமாட்டேன்” என்று சத்தியம் செய்தான். சத்தியம் ஒன்பது நாள் தாங்கியது.

இந்த நிலைமையில்தான் அவனுடைய வட்டார மெம்பர் சுதாகரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சபையில் எல்லா மெம்பர்களுக்கும் புதன்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஊருக்கே தெரிந்த செய்தி அது. மெம்பர் கதவைச் சாத்திவிட்டு ஒரு சின்னப் போத்தலை மேசையில் வைத்தார்.

“புதன்கிழமை காலையில இத நெரப்பிக் கொண்டாந்து குடு. ஏன் எதுக்குன்னு கேக்காத. வெளியில மூச்சு விடாத. ரிசல்ட் வந்த மறுநாளே ஒன் ஆட்டோ வாசல்ல நிக்கும்.”

“போத்தல்ல என்னோடதாங்கய்யா?”

“ஒன்னோடதுதான். ரெண்டு நாளா தூக்கமில்லாம யோசிச்சுத்தான் ஒன்னையப் புடிச்சேன்.”

ஜூட்சன் போத்தலை எடுத்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தான். கட்டின பெண்டாட்டியே அரைமனதாக நம்பிய சத்தியத்தை, பெரிய மனிதர் ஒருவர் முழுசாக நம்பியிருக்கிறாரே! சந்தோஷமாகத்தான் வெளியே வந்தான். பாதி வழியில் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் உட்கார்ந்து இழுத்தது ஞாபகம் வந்தது. அவனுடையதைக் கொடுத்தால் மெம்பரும் மாட்டுவார், ஆட்டோவும் போகும்.

லயத்தில் யாரிடம் கேட்பது? ஒருவன் குடிகாரன், இன்னொருவன் ஓட்டைவாய். கடைசியில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகனின் முகம் வந்தது. அழகன் ஐயப்பனுக்கு மாலை போட்டு முப்பத்திரண்டாவது நாள். சாராயம், வெற்றிலை எதுவும் கிடையாது. அடுத்த வீட்டுத் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. அவரைவிடச் சுத்தமான ஆளைத் தோட்டம் முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது.

“சாமி, லைசன்ஸ் மெடிக்கலுக்கு ஒன்னுக்குக் கேக்குறாங்க. என்னோடதக் குடுத்தா என் பொழப்பே போயிரும்.”

“விரதத்துல இருக்கிறவங்ககிட்ட கேக்குற காரியமா சாமி இது?”

“விரதத்துல இல்லாதவங்ககிட்ட கேட்டுப் பிரயோசனம் இல்லையே சாமி.”

அழகன் வாசலில் விளையாடிய ஜூட்சனின் பிள்ளைகளைப் பார்த்தார். “இதுவே கடைசி. இனியாச்சும் அந்த எழவ விட்ருங்க சாமி” என்று போத்தலை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சபை வாசலில் ரிசல்ட் ஒட்டினார்கள். சுதாகரன் பெயருக்கு நேரே ‘போதைப்பொருள் இல்லை’ என்று போட்டிருந்தது. ஜூட்சன் மூன்று தடவை வாசித்தான். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு மெம்பர் வீட்டுக்கு ஓடினான்.

மெம்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

“என்னத்தடா கொண்டாந்து குடுத்த?”

“சுத்தமானதுதாங்கய்யா. அழகன் சாமியோடது” என்றான் ஜூட்சன் பெருமையாக.

“ஒன்னோடதத்தானடா கேட்டேன்!”

“நான் விட்டுட்டேன்னு நம்பிக் கேட்டீங்க. ஆனா உண்மையில...”

“நீ விட்டுட்டேன்னு எவன்டா நம்புனான்? ஒன்னோடதுன்னா போதை தப்பாமக் காட்டும்னுதானடா ஒன்னையக் கூப்பிட்டேன்.”

மெம்பர் காலால் ஒரு காகிதக் கட்டை எத்தினார். அச்சகத்திலிருந்து வந்த போஸ்டர்கள் தரையெங்கும் சரிந்தன. ஒவ்வொன்றிலும் மெம்பர் கண் கலங்கி நின்றார். கீழே கொட்டை எழுத்தில், ‘போதையை வென்று மீண்டு வரும் எங்கள் அண்ணனே வருக!’

“வினோஜன் பேரு மாகாண சபை எலெக்சன் லிஸ்ட்ல மொதல்ல நிக்குது. இருபது வருசமா ரோடு போட்டவன் பேரு லிஸ்ட்லயே இல்ல. ஒன் ஆட்டோ அங்கயே கெடந்து துருப்புடிக்கட்டும், போ.”

ஜூட்சன் வாசலைத் தாண்டும்போது, பின்னாலிருந்து மெம்பரின் குரல் உடைந்து வந்தது.

“அம்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு பீடிகூட இழுத்ததில்ல, இனிமே நான் யாருகிட்டடா போய் அதப் பழகுவேன்?”