பதினொரு பூட்டு

"கிடாரும் போகுதாம்மா?"

பழைய சாமான் எடுக்கிறவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"கிடார், பானை வனையற சக்கரம், கேக் அடுப்பு, அந்த நீச்சல் சாமான் எல்லாம் போகுது. அவர் கடையிலேருந்து வர்றதுக்குள்ள ஏத்திடுங்க."

நர்ஸம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் இருபது நோயாளிகளை ஒரே ஆளாகச் சமாளிக்கிறவள்தான். வீட்டில் இருக்கிற ரெண்டு பேரைத்தான் முடியவில்லை.

முதல் ஆள் மகள். வயசு பத்தொன்பது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எட்டு மாசமாக அறைக்குள்ளேயே கிடக்கிறாள். என்னடி ஆச்சு என்று கேட்டால், "எனக்கு எதுலயும் ஆசை வரலம்மா" என்பாள். அதோடு சரி, கதவு மூடிக்கொள்ளும்.

பெற்றவள் சும்மா இருப்பாளா? 'உன்னை நீயே கண்டுபிடி' என்று ஒரு வகுப்பு. அப்புறம் கம்ப்யூட்டர். அப்புறம் படம் வரைகிறது. மூன்றிலும் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சேர்த்தாள். முதல் வகுப்பில், பிடித்ததைப் பத்து வரி எழுது என்றார்களாம். மகள் வெறும் தாளை நீட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மற்ற ரெண்டும் ஒரு வாரம் தாங்கவில்லை.

ரெண்டாவது ஆள் புருஷன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். இருபத்தஞ்சு வருஷம் கடை உண்டு, வீடு உண்டு என்று இருந்த மனுஷன். இப்போது கொஞ்ச நாளாக என்னவோ பிடித்துக்கொண்டது. மாசத்துக்கு ஒரு சாமானோடு வருவார். ரெண்டு நாள் தட்டுவார், நிமிண்டுவார், அப்புறம் நடக்கிற வழியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த மாசம் வேறொன்று வரும்.

கிடார் வந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி அக்கறையாகவே விசாரித்தாள். "வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையாக்கா? முனகற சத்தம் கேட்டுது."

நர்ஸம்மா அன்றைக்கே புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "என்ன விளையாட்டு இது? ஏதாவது ஒண்ணை உருப்படியாச் செய்றீங்களா?"

"கடைக்கு வர்றவங்களை, உங்க பவர் எவ்வளவுன்னு கேட்டா அவங்களுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு கண்ணாடியா மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"ஓஹோ, ஐம்பது வயசுக்கு மேல ஐயா யாருன்னு தேடறீங்களாக்கும். பெத்த பொண்ணு வழி தெரியாம உள்ள உட்கார்ந்திருக்கா, அது கண்ணுல படல. இதுல கண்ணாடிக் கடை வேற."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

போன மாசம் வந்ததுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய பூட்டு. ஒன்றுக்கும் சாவி கிடையாது. கூடவே ஒரு அரம், வெட்டாத சாவி ஒரு கொத்து. வழக்கம்போல அதுவும் வழியில்தான் கிடந்தது. இன்று காலை அதில் இடித்துக்கொண்டு நகம் பெயர்ந்த காலோடுதான் நர்ஸம்மா பழைய சாமான்காரருக்குப் போன் போட்டாள்.

சக்கரம் வண்டியில் ஏறியது. அடுப்பு ஏறியது. கிடார் ஏறுகிற நேரத்துக்குக் கண்ணாடிக்காரர் வந்து நின்றார்.

நர்ஸம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வரட்டும், இன்றைக்கு ரெண்டில் ஒன்று.

அவர் வண்டியைப் பார்த்தார். "கிடாரைப் படுக்க வைங்க, கழுத்து முறிஞ்சிடும்" என்று சொல்லி, தானும் ஒரு கை பிடித்துவிட்டார்.

அவளுக்கு அது இன்னும் பொறுக்கவில்லை. "ஏன் அனுப்பறேன்னு கேட்கக்கூடத் தோணலையா? ஆசைப்பட்டு வாங்கினதுதானே?"

"போகட்டும். அது எதுவும் ஒத்துவரல."

"இதான் கடைசி" என்று சாமான்காரர் பூட்டுப் பெட்டியைத் தூக்கினார். அவ்வளவுதான், கண்ணாடிக்காரர் செருப்புக்காலோடு உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இதை மட்டும் விட்டுடுங்க."

"ஐயா, எடைக்குப் போட்டா காசு தேறுற சாமானே இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வெறும் சத்தம்."

"சாவி இல்லாத பூட்டுலதான் உங்க பிறவிப் பயன் இருக்குதா?" என்றாள் நர்ஸம்மா.

"மெதுவாப் பேசு." அவர் மகளின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கென்ன தேடல்? முதன்முதலா நான் கண்ணாடி மாட்டிவிட்ட ஆளு, 'அட, எல்லாம் தெரியுதே'ன்னு சொன்னான் பாரு, அன்னிக்கே தெரியும், இதுதான் என் வேலைன்னு. கிடார் எனக்கு எதுக்கு?"

"அப்போ இத்தனையும்?"

"சொன்னா மறுநாளே அதுக்கு ஒரு வகுப்பு தேடிப் பிடிச்சுச் சேர்த்துடுவே. அதான் சொல்லல."

"யாரைச் சேர்த்துடுவேன்?"

அவர் பெட்டி மூடியைத் திறந்தார். பாதிப் பூட்டுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் புதிதாக ராவிய சாவி ஒன்று மாட்டியிருந்தது.

"வாங்கிட்டு வரும்போது பதினொண்ணும் பூட்டித்தான் இருந்தது. ஒருநாள் நாம வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா, ரெண்டு திறந்திருக்கு. இப்போ ஆறு. அந்த அரத்தை இதுவரைக்கும் நான் தொட்டதே இல்ல."