மூளையைச் சீண்டும் விளக்கு

"எங்க வம்சத்துலயே வலிப்பு கிடையாது. நீ வந்து ஆறு மாசத்துல என் பிள்ளையை இப்படிப் படுக்க வச்சுட்டே," என்றாள் மாமியார்.

மருமகள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். கட்டிலில் அவள் கணவன் தலை முழுக்க ஒயர்களோடு கண்மூடிக் கிடந்தான். அவனது மூளை அலைகள் திரையில் கோடு கோடாக ஓடின.

"டாக்டர்கிட்ட தெளிவா சொல்லிடுவேன். கல்யாணம் வரைக்கும் சிங்கக்குட்டி மாதிரி இருந்தான். உன் நச்சரிப்புதான் மண்டைக்கு ஏறிடுச்சு. உங்கப்பாவை வரச் சொல்லு, கூட்டிட்டுப் போகட்டும்."

"சத்தம் வேண்டாம்மா," என்ற டெக்னீஷியன், ஒரு விளக்கை இழுத்து அவன் முகத்துக்கு நேரே நிறுத்தினார். "இது விட்டு விட்டு மின்னும் சார். மூளையைக் கொஞ்சம் சீண்டிப் பார்ப்போம். வலிப்பு இருந்தா கோட்டுல தெரியும்."

மாமியார் பதறி அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, வேகமா வைக்காதப்பா! பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப இதே விளக்கை வச்சப்பதான் கட்டில்லேருந்து விழுந்தான்!"

கட்டிலில் கிடந்தவன் மூடிய கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டான். திரையில் கோடுகள் துள்ளின.

மருமகள் கைப்பேசியை எடுத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே எங்கப்பாவை வரச் சொல்றேன் அத்தை. இப்ப சொன்னதை அவர்கிட்டயும் ஒருதடவை தெளிவா சொல்லிடுங்க."