அடித்தொண்டைச் சத்தம்

“கரடி” என்றாள் சிறுமி.

பேச்சுப் பயிற்சி டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷத்தில் எந்தக் குழந்தையிடமும் இப்படி ஒரு மாற்றத்தை அவர் கேட்டதில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் இந்த ஐந்து வயதுக்காரி ‘ர’வை ‘ய’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பல குழந்தைகள் செய்வது. போன வாரத்திலிருந்து ஒரு ‘ர’ வருகிறது. ஆனால் நாக்கு நுனியிலிருந்து அல்ல; அடித்தொண்டையிலிருந்து, வாய் கொப்பளிக்கிற மாதிரி.

“இது தானா வர்ற சத்தமில்ல, மேடம். யார் சொல்றதையோ கேட்டுப் பழகியிருக்கா. வீட்ல யாருக்காவது ‘ர’ இப்படி வருமா?”

இதற்காகவே வரச்சொல்லியிருந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது.

“என் ‘ர’வுக்கு என்ன குறைச்சல்? தினமும் கால் மணி நேரம் நான்தான் உட்கார்ந்து சொல்லித் தரேன். நோட்டைப் பாருங்க!”

நோட்டில் ஒரு நாள் விடாமல் டிக், பக்கத்திலேயே கையெழுத்து. அம்மாவின் ‘ர’வும் படு சுத்தம்.

“அப்பாவுக்கு?”

அம்மா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“என்ன, ரொம்ப அவசரமா? ஒரு மீட்டிங்ல இருக்கேன்!”

அதுவும் சுத்தம்.

“போதுமா? போன வருஷம் பூரா கேலிக்குப் பயந்து கிளாஸ்ல வாயே திறக்கல இவ. ஸ்கூல் திறக்க இன்னும் ஒரு மாசம்தான். இங்க வந்து இன்னும் மோசமாறதுக்கு, நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்.”

டீச்சர் சிறுமியிடம் குனிந்தார். “கண்ணு, உனக்கு யாரு சொல்லிக் குடுக்கறா?”

சிறுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “அம்மா.”

வாரா வாரம் அவளைக் கூட்டிவரும் டிரைவர் வாசலில் காத்திருந்தார். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷர். ‘பேசினா முத்து உதிர்ந்துடுமோ?’ என்பாள் வரவேற்பில் இருக்கும் பெண். டீச்சருக்கும் அவர் பேரில் நல்ல எண்ணமில்லை.

டிரைவர் சிறுமியை அழைத்துப் போனார். அம்மா அங்கேயே நின்று, வேறு பயிற்சி மையம் எங்கே என்று யாரிடமோ போனில் விசாரிக்க ஆரம்பித்தார்.

மேஜையில் சிறுமியின் தண்ணீர் பாட்டில். டீச்சர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. ஸ்டியரிங் மேல் பட அட்டை. “கரடி” என்றது ஒரு குரல். “கரடி” என்றது இன்னொன்று. இரண்டிலும் அதே வாய் கொப்பளிப்பு.

டீச்சரைப் பார்த்ததும் டிரைவர் பதறி இறங்கினார்.

“தினமும் நீங்கதானா?”

தலையாட்டப் போனவர், நிறுத்தி, பேசினார். ஒவ்வொரு ‘ர’வும் தொண்டைக்குள் போய்த்தான் வந்தது.

“பாப்பாவோட டான்ஸ் கிளாஸ் வாசல்ல, கார்லயே, மேடம். அம்மாவுக்கு நேரம் கிடைக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை மொத்தமா கையெழுத்து போட்டுடுவாங்க.”

“உங்களுக்கே ‘ர’ வராதே?”

“சின்ன வயசுல பட்ட கேலி, மேடம். யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்ல, அம்மாகிட்டகூட. பாப்பாவும் என்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு, இவகிட்ட மட்டும் வெட்கத்தை விட்டுப் பேசினேன். என்னாலதான் கெட்டுப்போச்சா?”

டீச்சர் பதில் சொல்வதற்குள் அம்மா வந்துவிட்டார்.

“என்ன டீச்சர், அந்தத் தொண்டை யாருதுன்னு தெரிஞ்சுதா?” குரலில் அத்தனை நக்கல்.

“தெரிஞ்சுது, மேடம். தினமும் நிஜமாவே இவகூட உட்கார்ந்த ஒரே ஆளோடது. அடுத்த வாரத்திலேர்ந்து பாப்பா பக்கத்துல அவருக்கும் ஒரு நாற்காலி போடறேன்.”