இங்கே தட்டவும்

சிறுவயதில் அக்காவும் தங்கையும் ஒரே நாற்காலியில் பாதிப்பாதி உட்கார்ந்து ஆடிய அந்தப் பழைய தீவு விளையாட்டு இப்போதைய கணினியில் ஓடாது. அதைப் போல ஒன்றைத் தேடித் தேடித் தங்கைக்குக் கண் பூத்துவிட்டது. 'அதே மாதிரி' என்று இறக்கியதில் ஒன்று முழுக்கத் துப்பாக்கி, இன்னொன்று முழுக்க விளம்பரம். இருவருக்கும் வந்த மனஸ்தாபத்துக்குப் பிறகு முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கும் அக்கா, கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் சோபாவின் ஓரத்தில் இருக்கிறாள். தங்கை கடைசியாகத் திறந்த இந்த விளையாட்டில் பனிமூட்டம் இருக்கிறது, அலைச்சத்தம் இருக்கிறது, ஆளில்லாத வீட்டில் பூட்டிய கதவும் பக்கத்தில் வரிசையாக மணிகளும் இருக்கின்றன. அக்காவின் கழுத்து நீள்கிறது. கைப்பை சோபாவுக்குப் போகிறது. தங்கை நகர்ந்து கொடுத்த பாதி நாற்காலியில் வந்து ஒட்டிக்கொள்கிறாள். "இருடி, எதையும் தொடாதே. அந்தச் சின்ன மணி மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு?" அவள் யோசித்து முடிப்பதற்குள் சின்ன மணிமேல் மஞ்சள் அம்பு குதிக்கிறது: இங்கே தட்டவும். "உன்னை யாரு கேட்டா, சனியனே!" அம்பைத் திட்டிக்கொண்டே தங்கை ஆத்திரத்தில் மவுஸைக் குத்துகிறாள், அதையே பதிலென்று எடுத்துக்கொண்டு கதவு அகலத் திறக்கிறது, நட்சத்திரங்கள் சிதறுகின்றன, 'அருமை!' என்று பாராட்டு வருகிறது. "அவ்வளவுதானா?" என்கிறாள் அக்கா. அந்தப் பழைய தீவில் ஒரே ஒரு கதவு விடுமுறை முழுக்க இருவரையும் வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அக்கா எழுந்து கைப்பையை எடுத்துக்கொள்கிறாள்.