போன பஸ்ஸுக்கு ஒரு ஸ்தோத்திரம்

“பஸ் போயிருச்சு கண்ணு. ஸ்தோத்திரம்.”

மூங்கில் ஏணியும் கையுமாக வாசலில் நின்றாள் பாப்பாத்தி. சனிக்கிழமை. வெளியே இன்னும் பனி விலகவில்லை.

கட்டிலில் கிடந்த ராதிகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடிவாரத்துச் சந்தைக்கு நேரத்தோடு போக அந்த முதல் பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. வாராவாரம் அதைக் கோட்டை விட்டுவிட்டு, அதற்கொரு ஸ்தோத்திரம் வேறு.

ராதிகா மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவன் சதீஷ்குமார் போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தான். தோட்டத்து மிளகு பழுக்க ஆரம்பித்ததும், தானே பறித்துவிடலாம் என்று ஏணியில் ஏறியவள் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு.

வருஷத்துக்கே அந்த ஒரு வெள்ளாமைதான். அது கொடியிலேயே பழுத்து உதிர்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கூலிக்கு ஆள் தேடினால், எல்லாரும் அவரவர் தோட்டத்தில்.

அப்போதுதான் பாப்பாத்தி வந்து சேர்ந்தாள். ஒரே சபை, கடைசி ஸ்டாப்பில் வீடு என்பதற்கு மேல் ராதிகாவுக்கு அவளைத் தெரியாது. “பஸ் போயிருச்சு. ஊட்ல சும்மா உக்காந்து என்ன பண்ண? நாலு கொடி பறிச்சுத் தாரேன்” என்று ஆரம்பித்தவள், அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமையும் சந்தைக்குப் போனதாகத் தெரியவில்லை.

உபகாரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் மனசுக்குள் ராதிகா அவளுக்கு வைத்திருந்த பேர், தூங்குமூஞ்சி.

“சந்தைக்கு வெச்சிருந்த வாழைத்தார் என்னாச்சுங்க அக்கா?”

“பழுத்துக் கறுத்துப் போச்சு. உனக்கு ஒரு சீப்பு எடுத்தாந்தேன். தேனாட்டம் இருக்குது, தின்னு.”

“நட்டம்தானுங்களே?”

“ஆண்டவர் பாத்துக்குவாரு.”

ராதிகாவுக்கு அடக்க முடியவில்லை. “உங்களுக்கென்ன, சுளுவாச் சொல்லிப்போடறீங்க. காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். அவரும் பக்கத்துல இல்லை. இதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லோணுங்களா? எனக்கு வாயே வரமாட்டேங்குது.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பாப்பாத்தி ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அவள் தலையைத் தடவினாள்.

“வரலீன்னா உடு கண்ணு. அழுகை வந்தா அழுவு. உனக்கும் சேத்து நான் சொல்லிக்கறேன்.”

ராதிகாவுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை நல்லவள், எழுந்திருக்கச் சோம்பல்பட்டுப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறாளே என்றிருந்தது. கல்யாணத்துக்கு வந்த அலாரம் கடிகாரம் ஒன்று தலைமாட்டில் இருந்தது. முகப்பில் சேவல் படம். அதை எடுத்து நீட்டினாள்.

“இதை வெச்சுக்கோங்க அக்கா. அடிக்கிற அடியில ஊரே எந்திரிச்சிரும். இனியாச்சும் பஸ்ஸைப் புடிங்க.”

பாப்பாத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல காரியம் பண்ணினே கண்ணு. இது ரொம்ப உதவும்.”

அடுத்த சனிக்கிழமை, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வாசலில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

“அலாரம் அடிக்கலீங்களா?”

“நல்லாத்தான் அடிச்சிருக்கும் கண்ணு. பஸ்ஸும் நேரத்துக்குப் போயிருச்சு. ஸ்தோத்திரம்.”

ராதிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை ராதிகா வீட்டிலேயே ஜெபக்கூட்டம் வைத்தார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் பாப்பாத்தி எழுந்து, “போன வாரமும் நான் இல்லாமயே பஸ் போயிருச்சுங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகர்கூடக் குனிந்து சிரித்தார். ஊரே கேலி பேசுகிற அளவுக்கு வைத்துக்கொண்டாளே என்று ராதிகாவுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

மிளகு பறித்து முடிந்து, காய்ந்து, மூட்டைக்கும் போய்விட்டது. ஊருக்கு வந்திருந்த சதீஷ்குமார், ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்க அவளைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்தான்.

ராதிகா நிமிர்ந்து பார்த்தாள். டிரைவர் தலைக்கு மேலே கம்பியில் ஒரு கடிகாரம் கட்டித் தொங்கியது. முகப்பில் சேவல் படம்.

“ஏனுங்க, இந்தக் கடிகாரம் ஏதுங்க?” என்று கண்டக்டர் செல்லமுத்துவைக் கேட்டாள்.

“இதுங்களா? கடைசி ஸ்டாப்புல பாப்பாத்தியக்கான்னு ஒருத்தருங்க. ராத்திரி பஸ் அவிங்க வாசல்லதான் நிக்கும், நாங்களும் உள்ளேயே படுத்துக்குவோம். வெள்ளென வரக்காப்பி போட்டு எங்களை எழுப்பி உடறதே அவிங்கதானுங்க. ஒரு நாள் தவறினதில்லை.”

ராதிகாவுக்கு அன்றைக்கு ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போது புரிந்தது.

“அப்புறம் எதுக்குங்க கடிகாரம்?”

“இப்பக் கொஞ்ச நாளாச் சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு முந்தியே ஏணியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிர்றாங்க. ‘இனி இது உங்களை எழுப்பும் சாமி, நான் போறேன்’னு கொண்டாந்து கட்டிட்டாங்க. எங்கியோ ஒரு புள்ளை காலை ஒடிச்சுக்கிட்டுத் தனியாக் கெடக்குதாமுங்க.”

“ஸ்தோத்திரம்” என்றாள் ராதிகா. வாய் தானாக வந்தது.