வகுக்கும் இடத்தில் ஒரு மீன்

நீருக்குள் மறைந்திருப்பதை எண்ணத் தெரிந்தவனுக்கே நீர்நிலையைக் காக்கும் உரிமை உண்டு.

அவனுடைய ஆய்வறிக்கையின் முதல் வரி அது. எழுதியவன் பரிசலின் நடுவில் குந்தியிருந்தான். கால் மரத்துப்போயிருந்தது. மூச்சுக்கு ஒருதரம் கரையைத் திரும்பிப் பார்த்தான்.

கரையில் ஷாமியானா கட்டியாகிவிட்டது.

மீன்வளத் துறை இயக்குநர் வந்துகொண்டிருக்கிறார், பத்திரிகைக்காரர்கள் புடைசூழ. இந்த அணையில் எத்தனை மீன் என்று இன்று அறிவிக்கப்போகிறார். எண்ணைத் தரவேண்டியவன் இவன். தந்தால் இவனுடைய தற்காலிக வேலை இன்னொரு வருடம் ஓடும்.

முறை என்னவோ எளிமையானதுதான். கொஞ்சம் மீனைப் பிடித்து, வயிற்றுப்பக்கத் துடுப்பில் ஒன்றைக் கத்தரித்து, திரும்ப விட்டுவிட வேண்டும். அவை மற்றவற்றோடு கலந்த பிறகு மறுபடி வலை. வந்ததில் வெட்டுப்பட்டவை எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணால் வகுத்தால் போதும். அணையை இறைக்காமலே மொத்தமும் தெரிந்துவிடும்.

கத்தரித்தாயிற்று, போன மாதமே.

வலை ஏறியது. ஜிலேபி, கெண்டை, ரோகு. ஒவ்வொன்றாகப் புரட்டினான். எல்லாம் ஒரு குறையுமில்லாமல் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தன.

மறுபடி வலை.

மறுபடி முழுசு.

ஒன்றே ஒன்று வந்தால்கூடப் போதும். வராவிட்டால் வகுக்கும் இடத்தில் பூஜ்ஜியம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அணையில் மீன் எண்ணிலடங்காது என்று சூத்திரம் கைவிரித்துவிடும். அதைச் சொல்ல முனைவர் பட்டம் எதற்கு?

“வெட்டுனதுங்க எல்லாம் கோவிச்சுக்கிட்டு அடியில போய் உக்காந்திருக்கும் சார்,” என்றார் பரிசல்காரர் மாதையன். “அதுங்களுக்கும் ரோசம் இருக்குமில்லைங்களா?”

அவன் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்தான். நகத்தில் மீன் வாடை.

கரையில் கார் கதவு சாத்தும் சத்தம். இன்னொரு கதவு. இன்னொன்று.

“மாதையண்ணே, அந்தப் பக்கம் வலை எங்கியாவது சிக்கியிருக்கா பாருங்க.”

மாதையன் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

அவன் தோள்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். ரோகு துள்ளியது. தொடைக்கு நடுவில் வைத்து அழுத்தினான்.

“சிக்கலைங்க சார்.”

சற்றுப் பொறுத்து மாதையன் கேட்டார். “இந்தப் பக்கம் திரும்பலாங்களா?”

கரையில் கைதட்டினார்கள். யாரோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இயக்குநர் மீனை இரண்டு கையாலும் வாங்கி, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். கேமராக்கள் நெருங்கின.

“போன மாசம் நாம அனுப்பிவெச்ச மீன் இது,” என்றார். குரல் தழுதழுத்தது. “நம்மளத் தேடித் திரும்பி வந்திருக்கு.”

அவருடைய வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது.