இடது மேற்கை எலும்பு

பொட்டோஷானி ஊர் நர்ஸ் பள்ளியில் வாய்மொழித் தேர்வு. மேசை நிறைய மாணவிகள் படைத்த வால்நட் கேக். ஜன்னல் வெயிலில் தேர்வு நடத்தும் பெல்டியானு சாரின் மீசையில் சர்க்கரைத் தூள் மின்னுகிறது. படித்தவளைவிடப் படைத்தவளை நன்றாக ஞாபகம் வைத்திருக்கும் மனுஷன். வெறுங்கையோடு வந்தவள் கசாப்புக்காரர் மகள் ஒத்திலியா மட்டும்தான். இது மூன்றாவது தடவை. இன்றும் தவறினால் படிப்பு அவ்வளவுதான். கவிழ்த்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்து வாசிக்கிறாள்: "இடது மேற்கை எலும்பு." சார் சிரிக்கிறார்: "அடடா, உங்கப்பா வெட்டற சாமான்! ஆனா இங்கே கிலோ விலை சொன்னா பத்தாதும்மா. பேசாம வேற சீட்டு எடு, ஒரு மார்க்தான் குறையும்." பக்கத்து நாற்காலி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். "இதுவே இருக்கட்டும் சார்." அந்தச் சீட்டுக்கென்று தட்டில் வைத்திருந்த எலும்பை எடுத்துத் தன் தோளோடு சேர்த்துப் பிடிக்கிறாள். "உருண்டைத் தலை உடம்பைப் பார்க்கணும், முழங்கைப் பக்கம் இருக்கற இந்தப் பள்ளம் பின்னால வரணும். அப்படி வெச்சா இது வலது கை சார். காலையிலேர்ந்து எத்தனை பேர் இதை இடதுன்னு சொல்லி பாஸானாங்க?" சார் கேக் ஸ்பூனைக் கீழே வைக்கிறார். எலும்பை வாங்கித் தன் இடது கையில் வைத்துப் பார்க்கிறார், பிறகு வலது கையில், பிறகு மறுபடியும் இடது கையில். "சரி, பாஸ். போ." "இன்னும் சொல்லி முடிக்கல சார்" என்று ஒத்திலியா நகராமல் நிற்கிறாள்.